படர்க்கையில் எழுதுபவர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ் நாளிதழ்கள், வார இதழ்கள், செய்தித் தொலைக்காட்சிகள், இணையச் செய்தித் தளங்களின் ஆசிரியர்களுக்கும் துணை ஆசிரியர்களுக்கும் நிருபர்களுக்கும் வணக்கம்.

திருநர் (பிறந்தபோது பதியப்பட்ட பாலினம் தங்களுடையது இல்லை என்று அறிந்தவர்கள்) பற்றி நீங்கள் வெளியிடும் செய்திகளைப் பல ஆண்டுகளாகக் கவனித்து வருகிறேன். நான் உங்கள் துறையைச் சேர்ந்தவள் அல்ல. என் தம்பி ஒரு திருநம்பி, அதாவது பிறந்தபோது பெண் என்று பதியப்பட்ட ஆண். உங்கள் செய்தியில் வரும் ஒற்றை வினைமுற்று ஒரு வீட்டுக்குள் என்னவெல்லாம் செய்யும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன்.

தமிழில் ஒருவர் தன்னைப் பற்றிப் பேசும்போது பால் வெளியே வருவதில்லை. ‘நான் வந்தேன்’ என்று ஆண் சொல்லலாம், பெண் சொல்லலாம், இரண்டிலும் அடங்காத ஒருவரும் சொல்லலாம். எதிரில் இருப்பவரிடம் ‘நீங்கள் வந்தீர்கள்’ என்னும்போதும் அப்படித்தான். படர்க்கைக்குப் போனால்தான் வந்தான், வந்தாள், வந்தார், வந்தது என்று பிரிகிறது. அதாவது, ஒருவரைப் பற்றி மற்றவர்கள் பேசும் இடத்தில்தான் அவருடைய பால் தீர்மானிக்கப்படுகிறது. செய்தி எழுதுவது என்பது நாள் முழுக்கப் படர்க்கையில் எழுதுவது. அந்த மனிதர் உங்களிடம் ‘நான்’ என்று பேசியதை நீங்கள் ‘அவன்’ என்றோ ‘அவள்’ என்றோ மாற்றும் நொடியில், அவரைக் கேட்காமலேயே ஒரு முடிவை எடுத்துவிடுகிறீர்கள். கேட்டுவிட்டு எடுங்கள் என்பதுதான் என் கோரிக்கை. மற்ற எல்லாம் இதிலிருந்து வருபவை.

இது வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று சொல்பவர்கள் உங்கள் அலுவலகத்திலும் இருக்கலாம். அவர்களுக்கு நன்னூலைக் காட்டுங்கள். பெண்மையை விட்டு ஆண்மையை விரும்புபவரை ஆண்பாலாகவும், ஆண்மையை விட்டுப் பெண்மையை விரும்புபவரைப் பெண்பாலாகவும் சொல்ல வேண்டும் என்று பவணந்தி முனிவர் சூத்திரமே எழுதியிருக்கிறார். விட்டது எது என்று பார்க்காமல், விரும்பியது எதுவோ அதைக்கொண்டு பாலைச் சொல்கிறது அந்த விதி. அதே சூத்திரத்தின் கடைசிப் பகுதி இவர்களை அஃறிணை போலச் சொல்வதற்கும் இடம் தருகிறது என்பதை மறைக்க மாட்டேன். ‘அது’ என்று மனிதரைச் சுட்டும் கொடுமைக்கு நம்மிடம் பழைய வேர் உண்டு. ஆனால் அதைவிடப் பழைய தொல்காப்பியம் இத்தகையோரை உயர்திணைக்குள் வைத்தே பேசுகிறது. மரபில் இரண்டும் கிடக்கின்றன. எதைக் கையில் எடுப்பது என்பது இன்று எழுதுபவருடைய பொறுப்பு.

இனி சொற்களுக்கு வருகிறேன். உங்கள் செய்திகளில் மிக அதிகமாகக் குழப்பப்படுபவை பாலின அடையாளமும் பாலின வெளிப்பாடும்.

அடையாளம் என்பது ஒருவர் தன்னை யாராக அறிகிறார் என்பது. ஆண் என்றோ பெண் என்றோ இரண்டும் இல்லை என்றோ உள்ளுக்குள் இருக்கும் தெளிவு அது. வெளிப்பாடு என்பது உடை, முடி, குரல், நடை, ஒப்பனை என்று வெளியே தெரிவது. முன்னதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது. பின்னதைப் பார்க்கலாம், ஆனால் அதை வைத்து முன்னதைக் கணிக்க முடியாது. கூத்தில் பெண் வேடம் கட்டும் கலைஞர் ஆண்தான். முடியைக் கத்தரித்துக்கொண்டு சட்டையும் பேன்ட்டும் போடும் பெண் பெண்தான். வீட்டாருக்கு அஞ்சி இன்னும் சுடிதாரும் நீள முடியுமாக இருக்கும் ஒரு திருநம்பி ஆண்தான். சிகிச்சைக்கு வசதியில்லாத, சிகிச்சையே வேண்டாத திருநங்கையும் பெண்தான். உடையைப் பார்த்துப் பாலை எழுதும் நிருபர் இவர்கள் எல்லோரிடமும் தவறுவார்.

‘பெண் வேடமிட்டு’ என்ற தொடரை எத்தனை செய்திகளில் படித்திருக்கிறேன்! காவல்துறைக் குறிப்பில் அப்படி இருந்தது, அப்படியே வந்துவிட்டது என்பீர்கள். வேடம் என்பது கலைத்துவிட்டு வீட்டுக்குப் போகக்கூடியது. ஒரு திருநங்கைக்குப் புடவை அப்படிப்பட்டது இல்லை. அதைக் கட்டுவதற்காகவே வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்டவர்கள் எத்தனையோ பேர்.

அடையாளம் வேறு, ஈர்ப்பு வேறு என்பதும் பல செய்திகளில் தெரிவதில்லை. யாரிடம் காதல் வருகிறது என்பது பாலீர்ப்பு. தன் பாலினத்தவரை விரும்புபவர் தன்பாலீர்ப்பாளர். உங்களில் பலர் இன்னும் பயன்படுத்தும் பழைய சொல்லில் ‘சேர்க்கை’ இருக்கிறது. அது ஒரு முழு மனிதரைப் படுக்கையறைக்குள் சுருக்கிவிடுகிறது. திருநங்கை ஒருவர் ஆணை விரும்பலாம், பெண்ணை விரும்பலாம், யாரையும் விரும்பாமலும் இருக்கலாம். அதனால் அவர் திருநங்கை என்பது மாறாது. உச்ச நீதிமன்றத்தின் இரண்டு தீர்ப்புகளை ஒன்றாக்கி எழுதுவது இந்தக் குழப்பத்திலிருந்துதான் வருகிறது. தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழு (நால்சா) தொடுத்த வழக்கில் 2014 ஏப்ரல் 15 அன்று வந்த நால்சா தீர்ப்பு பாலின அடையாளம் பற்றியது. 2018 செப்டம்பர் 6 அன்று இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு பற்றி வந்த தீர்ப்பு, வயதுவந்தோர் இருவர் மனமொப்பிக் கொள்ளும் உறவு குற்றமாகாது என்றது. இரண்டும் ஒரே மக்களின் வாழ்வைத் தொடுகின்றன என்றாலும் இரண்டும் சொன்னவை வேறு வேறு.

உடலின் பிறப்பு அமைப்பைக் குறிப்பது ஊடுபால். ஆண் உடல், பெண் உடல் என்று மருத்துவம் வகுத்த இரண்டிலும் சரியாகப் பொருந்தாத உடற்கூறுகளோடு பிறப்பவர்கள் ஊடுபாலினர். இவர்களில் பெரும்பாலோர் திருநர் இல்லை. பச்சிளம் குழந்தைகளின் பிறப்புறுப்பைத் தேவையின்றி அறுத்து ‘சரிசெய்வதை’த் தடுக்க வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரலில் உத்தரவிட்டது. உயிருக்கு ஆபத்தான நிலை தவிர மற்றபடி அத்தகைய அறுவை சிகிச்சைகளுக்குத் தமிழ்நாடு அரசு அதே ஆண்டு ஆகஸ்டில் தடை விதித்தது. ஒரு குழந்தையின் உடல் சம்பந்தப்பட்ட இந்தச் செய்தியைத் திருநங்கைகள் பற்றிய செய்தியாக எழுதினால், அந்தக் குழந்தையின் பெற்றோருக்கு அது தங்களைப் பற்றியது என்றே தெரியாமல் போகும்.

‘மூன்றாம் பாலினத்தவர்’ என்ற சொல்லைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். நீங்கள் அதை மரியாதையான சொல் என்று நம்பித்தான் பயன்படுத்துகிறீர்கள். தன்னை அப்படி அடையாளப்படுத்துபவருக்கு அது மரியாதைதான். ஆனால் நால்சா தீர்ப்பு எல்லோரையும் மூன்றாவது கட்டத்துக்குள் தள்ளச் சொல்லவில்லை. ஆண், பெண், மூன்றாம் பாலினம் ஆகியவற்றில் தன் பாலினம் எது என்று தானே சொல்லும் உரிமையை அது திருநருக்கு உறுதிசெய்தது. அறுவை சிகிச்சை செய்திருந்தால்தான் ஏற்போம் என்று வற்புறுத்துவது சட்டவிரோதம் என்றும் சொன்னது. ‘நான் பெண்’ என்று சொல்லும் திருநங்கையை நீங்கள் மூன்றாம் பாலினம் என்று எழுதும்போது, நீதிமன்றம் அவர் கையில் கொடுத்ததைத் திரும்பப் பிடுங்குகிறீர்கள்.

நான் மேலே சொன்ன அதே 2019 மதுரைக் கிளைத் தீர்ப்பைப் பாருங்கள். ஓர் ஆணும் ஒரு திருநங்கையும் கோயிலில் செய்துகொண்ட திருமணத்தைப் பதிவு செய்ய மறுத்ததால் எழுந்த வழக்கு அது. இந்துத் திருமணச் சட்டத்தில் உள்ள ‘மணமகள்’ என்ற சொல் திருநங்கையையும் குறிக்கும் என்று நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் தீர்ப்பளித்தார். அந்தத் தீர்ப்பின் உயிரே மணமகள் என்ற அந்தச் சொல்தான். ‘மூன்றாம் பாலினத்தவர் திருமணம்’ என்று தலைப்பிட்டால் நீதிபதி சொன்னது தலைப்பிலேயே தொலைந்துவிடுகிறது.

‘திருநங்கைகள்’ என்ற சொல்லை எல்லோருக்குமான பொதுச்சொல்லாக்குவதும் அப்படித்தான். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் ஆண், பெண் என்ற இரண்டோடு ‘மற்றவர்’ என்றும் பதியப்பட்டது. நாடு முழுவதும் 4,87,803 பேர், தமிழ்நாட்டில் 22,364 பேர் அதில் வந்தார்கள். அதைத் திருநங்கைகளின் எண்ணிக்கை என்று எழுதுபவர்கள் இன்றும் உண்டு. அந்தக் கட்டத்தில் திருநம்பிகள் இருந்திருப்பார்கள், ஊடுபாலினர் இருந்திருப்பார்கள். ஆண் என்றோ பெண் என்றோ எழுதிக்கொடுத்த திருநர் அந்தக் கணக்கில் வரவே இல்லை. திருநம்பிகள் செய்தியில் இல்லாமல் போவதற்குக் காரணம் அவர்கள் குறைவு என்பதல்ல, அவர்களைச் சொல்ல நீங்கள் சொல்லை எடுப்பதில்லை என்பதே. பொதுச்சொல் வேண்டுமானால் ‘திருநர்’ இருக்கிறது. நான்கே எழுத்து. தலைப்பில் இடமில்லை என்ற குறையும் வராது.

என் தம்பியின் செய்தியும் ஒருமுறை வந்தது. நல்ல செய்திதான். படிப்பில் அவன் பெற்ற ஒரு தேர்ச்சி பற்றியது. நிருபர் பொறுமையாகப் பேசினார், அவனும் மனம்விட்டுப் பேசினான். மறுநாள் வந்த தலைப்பு ‘ஆணாக மாறிய இளம்பெண் சாதனை’. முதல் வரியிலேயே அவனுடைய பழைய பெயர். இரண்டாம் பத்தி வரை ‘அவள்’, அதன் பிறகு ‘அவர்’. பள்ளிக்கூடச் சீருடையில் இருந்த பழைய படத்தையும் எங்கிருந்தோ எடுத்துப் பக்கத்தில் போட்டிருந்தார்கள்.

எங்கள் அம்மாவுக்கு அவனைப் பெயர் மாற்றிக் கூப்பிடவே வெகுகாலம் ஆனது. வாய் தவறும், அழுவார், திருத்திக்கொள்வார். பிறகு பக்கத்து வீட்டாரிடமும் சொந்தக்காரர்களிடமும் ‘என் பையன்’ என்று அவரே சொல்லத் தொடங்கினார். என் சித்தப்பா அவனை ‘தம்பி’ என்று கூப்பிட்ட நாளில் வீடே நிம்மதியானது. அந்தச் செய்தி வந்த பிறகு அதே சித்தப்பா பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு, “பேப்பர்லயே பொண்ணுன்னுதான போட்டிருக்கான்?” என்று கேட்டார். அச்சில் வந்தது உண்மை என்று நம்பும் தலைமுறை இன்னும் இருக்கிறது. உங்கள் தொழிலின் பெருமை அது. அதனாலேயே உங்கள் தவறு எங்கள் வீட்டில் அத்தனை பலமாக விழுந்தது.

‘ஆணாக மாறிய பெண்’, ‘பெண்ணாக மாறிய ஆண்’ என்ற தொடர்களை விட்டுவிடுங்கள் என்று கேட்கிறேன். என் தம்பி ஆணாக மாறவில்லை. அவன் ஆண் என்பதை நாங்கள் தெரிந்துகொள்ளக் காலம் பிடித்தது, அவ்வளவுதான். பின்னணி சொல்லியே ஆக வேண்டிய செய்தி என்றால், பிறந்தபோது பெண் என்று பதியப்பட்டவர் என்று எழுதலாம். பெரும்பாலான செய்திகளுக்கு அதுகூடத் தேவைப்படாது. ‘திருநம்பி’ என்ற ஒரு சொல் போதும்.

பழைய பெயர் விஷயத்தில் நீங்கள் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். முதல் தகவல் அறிக்கையிலும் அடையாள அட்டையிலும் என்ன பெயர் இருக்கிறதோ அதை எழுதுவது பாதுகாப்பு என்று நினைக்கிறீர்கள். ஆவணத்தில் பெயர் மாற்ற ஒருவர் எத்தனை அலுவலகம் ஏறி இறங்க வேண்டும் என்று உங்களுக்கே தெரியும். ஆவணம் மாறாதது அவர் கையில் இல்லை. உயிரோடு இருப்பவராவது போன் செய்து மறுக்கலாம். இறந்தவரால் அதுவும் முடியாது. ஒரு திருநம்பியோ திருநங்கையோ இறந்துபோனால், உயிரோடிருந்தபோது ஒதுக்கிய குடும்பமே வந்து பழைய பெயரைச் சொல்லும், காவல்துறை அதைக் குறித்துக்கொள்ளும், நீங்கள் அதை அச்சிடுவீர்கள். கடைசியாக அவரைப் பற்றி எழுதப்படும் வாக்கியத்தில் அவரே இருக்கமாட்டார். அந்த நேரத்தில் அவரோடு வாழ்ந்தவர்களைத் தேடிப் பேசுங்கள், நண்பர்களைக் கேளுங்கள். அவர் எந்தப் பெயரில் வாழ்ந்தாரோ அந்தப் பெயரில் எழுதுங்கள். எதுவும் தெரியவில்லை என்றால் ‘அவர்’ என்று எழுதுங்கள்.

அந்த ‘அவர்’ தமிழ் நமக்குக் கொடுத்திருக்கும் வசதி. ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, மரியாதையும் சேர்ந்தே வருகிறது. ஆண், பெண் என்ற இருமைக்குள் அடங்காதவர்களைக் குறிக்கச் சில மொழிகளில் பெரும் விவாதங்கள் நடக்கின்றன. நமக்கு அந்தச் சங்கடம் இல்லை. கைக்குள் இருக்கும் சொல்லை எடுக்காமல் ‘அவன்(ள்)’ என்று அடைப்புக்குறி போட்டு எழுதுவது எனக்குப் புரிவதே இல்லை.

குற்றச் செய்திகளைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017-ல் காவல் உதவி ஆய்வாளரான திருநங்கை பிரித்திகா யாஷினி பற்றியும், 2019-ல் பத்மஸ்ரீ பெற்ற திருநங்கை நடனக் கலைஞர் நர்த்தகி நடராஜ் பற்றியும் எழுதியபோது உங்களில் பலர் அழகாக எழுதினீர்கள். பெயர் இருந்தது, ‘அவர்’ இருந்தது, அவருடைய உழைப்பு இருந்தது. நெடுஞ்சாலையில் ஒருவர் தகராறு செய்தார் என்றால் மட்டும் ‘திருநங்கைகள் அட்டகாசம்’ என்று பன்மை வந்துவிடுகிறது. ஒரு ஆண் திருடினால் ‘ஆண்கள் அட்டகாசம்’ என்று எழுதுவதில்லையே. அந்தத் தலைப்பைப் பார்த்த வீட்டு உரிமையாளர் அடுத்த நாள் கதவைச் சாத்துவது அந்தத் தகராறில் சம்பந்தமே இல்லாத இன்னொரு திருநங்கையின் முகத்தில். மரியாதையைச் சாதித்தவருக்கான பரிசாக வைத்திருக்காதீர்கள். கைதானவருக்கும் அதே பெயர்ச்சொல், அதே வினைமுற்று இருக்கட்டும்.

மருத்துவம் பற்றிய செய்திகளில் ‘கோளாறு’, ‘குறைபாடு’, ‘குணமாக்கலாம்’ என்பவை இன்னும் வருகின்றன. உலக சுகாதார நிறுவனம் தன் நோய் வகைப்பாட்டின் 11-ஆம் பதிப்பில் திருநராக இருப்பதை மனநோய்ப் பகுதியிலிருந்தே எடுத்துவிட்டது. 2019-ல் ஏற்கப்பட்ட அந்தப் பதிப்பு 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ‘மாற்று சிகிச்சை’ (கன்வெர்ஷன் தெரபி) என்ற பெயரில் பாலின அடையாளத்தையோ பாலீர்ப்பையோ திருத்துவதாகச் சொல்வது மருத்துவத் தொழில்முறைத் தவறு என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் அறிவித்தது. ஒரு மருத்துவர் உங்கள் நேர்காணலில் வந்து இதைக் குணப்படுத்திவிட்டதாகச் சொன்னால், அதை அப்படியே ஒளிபரப்புவதற்கு முன் இந்த அறிவிப்பை அவர் முன் வையுங்கள். அந்தப் பேட்டியைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகும் பெற்றோர் இருக்கிறார்கள்.

உங்களால் மாற முடியாது என்று நான் நினைக்கவில்லை, ஏனென்றால் நீங்கள் ஏற்கெனவே ஒருமுறை மாறியிருக்கிறீர்கள். நான் சிறுமியாக இருந்தபோது செய்திகளில் இவர்களைக் குறிக்க வந்த சொற்களை இங்கே எழுத மாட்டேன். பிறகு ‘அரவாணி’ வந்தது. அரவான் கதையோடும் கூவாகத்தோடும் பிணைந்த சொல் அது. தன்னை அப்படிச் சொல்லிக்கொள்பவர்களுக்கு உரியது, எல்லோருக்கும் பொருந்தாது. 2008-ல் தமிழ்நாடு அரசு, நாட்டிலேயே முதல்முறையாக, திருநங்கைகளுக்கு நல வாரியம் அமைத்தது. அந்தக் காலத்தை ஒட்டி ‘திருநங்கை’ என்ற சொல்லை நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். சில ஆண்டுகளிலேயே பேருந்திலும் டீக்கடையிலும் மக்கள் அந்தச் சொல்லைச் சொன்னார்கள். அரசாணையை யாரும் படித்திருக்க மாட்டார்கள். உங்களைப் படித்தார்கள்.

அடுத்த படிக்கு வேண்டிய பொருள்களும் தயாராக இருக்கின்றன. சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் 2021-ல் தொடங்கிப் பிறப்பித்த உத்தரவுகளின் தொடர்ச்சியாக, பால்புதுமையரை (திருநர், தன்பாலீர்ப்பாளர், ஊடுபாலினர் முதலியோரை) கண்ணியமாகக் குறிப்பதற்கான சொற்பட்டியலைத் தமிழ்நாடு அரசு 2022 ஆகஸ்டில் வெளியிட்டது. அதைத் தயாரிப்பதில் சமூகத்தினரின் பங்கு இருந்தது. அந்தப் பட்டியல் உங்கள் எத்தனை டெஸ்க்குகளில் ஒட்டப்பட்டிருக்கிறது? அதில் எனக்கே உடன்பாடில்லாத சொற்கள் இருக்கலாம், சமூகத்துக்குள்ளேயே விவாதம் ஓயவில்லை, ஓயவும் வேண்டாம். ஆனால் புதிதாக வேலைக்குச் சேரும் துணை ஆசிரியர் இரவு பதினோரு மணிக்கு ஒரு செய்தியைத் திருத்தும்போது கையில் ஒரு பட்டியலாவது இருக்க வேண்டும். அதில் இல்லாததற்கு அந்த மனிதரையே கேட்க வேண்டும்: ‘உங்களை எப்படிக் குறிப்பிடட்டும்? எந்தப் பெயரில் எழுதட்டும்? படம் போடலாமா, எந்தப் படம்?’ பேட்டி எடுக்கும்போது ஊரையும் வயதையும் கேட்கிறீர்கள், இதையும் சேர்த்துக் கேட்கலாம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், இது இணையத்தில் இருக்கும் பழைய செய்திகள் பற்றி. அச்சில் வந்தது பழைய பேப்பர் கடைக்குப் போய்விட்டது. இணையத்தில் வந்தது போகவில்லை. என் தம்பி வேலைக்கு விண்ணப்பிக்கும்போதெல்லாம் அவன் பெயரைத் தேடுபவர்களுக்கு முதலில் கிடைப்பது அந்தத் தலைப்பும் அந்தச் சீருடைப் படமும்தான். நீக்கச் சொல்லி எழுதினோம். யாருக்கு எழுதுவது என்றே தெரியாமல் பொது மின்னஞ்சல் முகவரிக்கு எழுதினோம், பதில் வரவில்லை. பெயர், பால், படம் தொடர்பான திருத்தக் கோரிக்கைகளுக்கென்று ஒவ்வொரு நிறுவனமும் ஒருவரைப் பொறுப்பாக்கி, அவருடைய முகவரியைத் தளத்தில் தெரியும்படி போடுங்கள். கோரிக்கை வந்தால் தலைப்பைத் திருத்துங்கள், பழைய பெயரை எடுங்கள், படத்தை மாற்றுங்கள், திருத்திய தேதியைக் கீழே போடுங்கள். இந்த மடலைப் படித்துவிட்டு எந்த ஆசிரியராவது அந்த முகவரியை அறிவித்தால், முதல் கோரிக்கை எங்கள் வீட்டிலிருந்து வரும்.

இப்படிக்கு,
ஒரு திருநம்பியின் அக்கா